சி.சி.க்யூ., ரீகாஸ்ட், ஸ்காஃபோல்டிங்: இங்கிலீஷ் வகுப்பில் எதெல்லாம் உண்மையிலேயே கைகொடுக்கிறது?

சாக்பீஸ்_டப்பா:

வணக்கம். பி.எட். முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். பெயருக்குத்தான் இங்கிலீஷ் மீடியம், பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் வேனிலும் பேசுவது முழுக்கத் தமிழ். இங்கிலீஷ் ஆசிரியர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் நடத்தும் டி.கே.டி. தேர்வை எழுதலாம் என்று படிக்க உட்கார்ந்தால் எலிசிட்டிங், கான்செப்ட் செக்கிங், ரீகாஸ்ட், ஸ்காஃபோல்டிங், பி.பி.பி., டி.பி.ஆர். என்று பக்கத்துக்குப் பக்கம் புதுப் பெயர்கள். பி.எட்.டிலும் இதில் பாதி வந்தது, ஆனால் அங்கே பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதக் கற்றோமே தவிர, வகுப்பில் நின்று யாரும் செய்து காட்டவில்லை.

எனக்கு வேண்டியது வகுப்புக்கான பதில். பாடம் நடத்தி முடித்து “புரிஞ்சுதா?” என்று கேட்டால் 45 பேரும் ஒரே குரலில் “எஸ் மிஸ்” என்கிறார்கள், நோட்டை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. பேசும்போது பிழை வந்தால் அங்கேயே திருத்துவதா, விட்டுவிடுவதா? திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வாயே திறப்பதில்லை. பேர் ஒர்க் கொடுத்தால் சத்தம்தான் வருகிறது, அதுவும் தமிழில், பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். இந்தப் பெயர்களில் எதையாவது நீங்கள் தினமும் வகுப்பில் பயன்படுத்துகிறீர்களா, இல்லை எல்லாம் தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் மட்டும்தானா?

கரும்பலகை:

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன் மேடம். டி.கே.டி.யில் ஒவ்வொரு மாட்யூலும் 80 கேள்வி, 80 நிமிடம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்தான், பாஸ் ஃபெயில் என்று ஒன்றும் கிடையாது, 1 முதல் 4 வரை ஒரு பேண்ட் தருவார்கள். பெயர்களை நன்றாகப் படித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். கேம்பிரிட்ஜின் இன்னொரு ஆசிரியர் பயிற்சியான செல்டா அப்படி இல்லை, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வகை அறிவு.

உங்கள் “எஸ் மிஸ்” தொல்லைக்கு நேரான மருந்து கான்செப்ட் செக்கிங்தான், அதற்கான கேள்வியை (கான்செப்ட் செக்கிங் கொஸ்டின்) சுருக்கமாக சி.சி.க்யூ. என்பார்கள். “புரிஞ்சுதா?” என்ற கேள்விக்குப் பிள்ளை ஆமாம் என்று சொல்வது மரியாதை, அதில் வேறு ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பதிலாக, புரிந்திருந்தால் மட்டுமே சரியாகச் சொல்ல முடிகிற சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்க வேண்டும். போர்டில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: “ஷீ ஒர்க்ட் இன் சென்னை ஃபார் த்ரீ இயர்ஸ்”, கீழே “ஷீ ஹாஸ் ஒர்க்ட் இன் சென்னை ஃபார் த்ரீ இயர்ஸ்”. இப்போது “டஸ் ஷீ ஒர்க் இன் சென்னை நவ்?” என்று மட்டும் கேளுங்கள். முதல் வாக்கியத்துக்கு நோ, இரண்டாவதற்கு எஸ். யார் தயங்குகிறார்கள், யார் பக்கத்துப் பையனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். “மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு ஸ்மோக்” என்றால், இப்போது பிடிக்கிறாரா, முன்பு பிடித்தாரா, ஒரு தடவையா பல தடவையா, மூன்றே கேள்வி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நடத்தும் இலக்கண வடிவத்தையே கேள்விக்குள் போடக் கூடாது. யூஸ்ட் டு தெரியாத பிள்ளையிடம் “டிட் ஹி யூஸ் டு ஸ்மோக்?” என்று கேட்டு என்ன பயன்?

இதன் தம்பி ஐ.சி.க்யூ. (இன்ஸ்ட்ரக்ஷன் செக்கிங் கொஸ்டின்), அதாவது என்ன செய்யச் சொன்னோம் என்பது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. எழுதப் போகிறீர்களா பேசப் போகிறீர்களா, தனியாகவா பக்கத்தில் இருப்பவருடனா, எத்தனை நிமிடம்? பேர் ஒர்க்கில் வரும் சத்தத்தில் பெரும்பகுதி, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத பிள்ளைகள் ஒருவரை ஒருவர் “மிஸ் என்னடா சொன்னாங்க” என்று கேட்கும் சத்தம். பேப்பரைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள், கையில் பேப்பர் வந்த பிறகு யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். முதலில் விளக்கம், அப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் செய்து காட்டுதல், ஐ.சி.க்யூ., கடைசியில் பேப்பர்.

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. வெயிட் டைம் என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடி ஆக்கியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். இரண்டாம் மொழியில் இது இன்னும் முக்கியம் என்பது என் கருத்து, ஏனென்றால் நம் பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, தமிழில் விடை கண்டுபிடித்து, அதை இங்கிலீஷில் கட்டி முடிப்பதற்குள் முன் பெஞ்ச் பையன் கத்திவிடுகிறான். பெயர் சொல்லிக் கேட்பதாக இருந்தால் கேள்விக்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள். முதலிலேயே “ரவி, ...” என்று ஆரம்பித்தால் மற்ற 44 பேருக்கும் அது ஓய்வு நேரம்.

சிவப்பு_மை:

திருத்துவது பற்றி நான் சொல்கிறேன், அரசு உயர்நிலைப் பள்ளியில் எடுக்கிறேன்.

பெரும்பாலோர் நம்பியிருக்கும் முறை ரீகாஸ்ட். பையன் “எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்” என்கிறான், நாம் சிரித்த முகத்தோடு “ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்!” என்கிறோம். மென்மையான முறைதான், யார் மனமும் நோகாது, ஆனால் பையன் தலையாட்டிவிட்டு “எஸ் மிஸ், ஐ கோ டு மார்க்கெட்” என்பான். நாம் திருத்தியதே அவனுக்குத் தெரியவில்லை, மிஸ் தன் கதையைக் கேட்டு மகிழ்ந்ததாகத்தான் நினைக்கிறான். கனடாவில் மான்ட்ரியால் பக்கம் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளைப் பதிவு செய்து லிஸ்டர், ராண்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ரீகாஸ்ட், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது மாற்றிச் சொன்னது மற்ற எல்லா முறைகளையும்விடக் குறைவு. பிள்ளையையே சரிசெய்ய வைக்கும் எலிசிட்டேஷன் அங்கே நன்றாக வேலை செய்தது.

அதை வகுப்பில் செய்வது எளிது. நான் விரலால் செய்வேன். இடது கையை அவன் பக்கம் காட்டி ஒவ்வொரு விரலும் ஒரு சொல் என்று தொட்டுக்கொண்டே போவேன், எஸ்டர்டே, ஐ, அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில் “வென்ட்!” என்று தாங்களே சொல்லிவிடுவார்கள், சொன்ன பிறகு முகத்தில் ஒரு தெம்பு வரும். தானாக வரவில்லை என்றால் அவனுக்கு அது இன்னும் பாடமாகவே ஏறவில்லை என்று பொருள், அங்கே திருத்திப் பயனில்லை, மறுபடி நடத்த வேண்டும். மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967-லேயே எரர் வேறு, மிஸ்டேக் வேறு என்று பிரித்தது இதனால்தான். தெரிந்தும் நாக்கு வழுக்கினால் மிஸ்டேக், தெரியாததால் வந்தால் எரர்.

அடுத்த நாள் வாய் திறக்காத பிள்ளை பற்றிச் சொன்னீர்கள். அதற்கு எப்போது திருத்துகிறோம் என்பதுதான் காரணமாக இருக்கும். இலக்கணப் பயிற்சி நடக்கும்போது உடனே திருத்துங்கள், அந்த நேரத்தின் வேலையே அதுதான். பிள்ளை தன் வீட்டு ஆட்டுக்குட்டி காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் நாலைந்து வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, வகுப்பையே திருத்த விடுங்கள். நடுவில் ஒரு சரியான வாக்கியத்தையும் சேர்த்து எழுதுவேன், நன்றாகச் சொன்னதும் போர்டுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” மாதிரி தமிழ்நாடு முழுக்க வரும் பிழைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பீரியட் ஒதுக்குங்கள், அதை ஒவ்வொருவராகத் திருத்தி மாளாது.

பழைய_பெஞ்ச்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் 12 பேர் வட்டமாக உட்காரும் வகுப்புக்குச் சரி. 50 பேர், 40 நிமிடம், முடிக்க வேண்டிய போர்ஷன், அதற்கு மேல் யூனிட் டெஸ்ட். எங்கள் காலத்தில் கிராமரும் மொழிபெயர்ப்பும் டிக்டேஷனும்தான், அதில் படித்தவர்கள்தான் ஹைகோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடினார்கள். வெளிநாட்டு முறையை அப்படியே நம் பிள்ளைகள் தலையில் வைக்க வேண்டுமா?

கூடல்_டாஸ்க்:

பழைய_பெஞ்ச் சார், உங்கள் கவலை நியாயமானது, ஆனால் டாஸ்க் மூலம் கற்பிப்பது என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் முதல் பெரிய முயற்சி நம் பக்கத்தில்தான் நடந்தது. இங்கிலீஷ் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை பக்கத்துச் சாதாரண பள்ளிகளில் நடத்தியது, பெங்களூர் ப்ராஜெக்ட் என்பார்கள். அதற்கு முன்பு இங்கே ஸ்ட்ரக்சரல் சிலபஸ்தான் ஆட்சி செய்தது, ஒவ்வொரு வாக்கிய அமைப்பாக வரிசைப்படுத்தி, சொல்ல வைத்து, மறுபடி சொல்ல வைத்து. பிரபுவுக்கு வந்த சந்தேகம், பிள்ளையின் மனம் வடிவத்தில் இல்லாமல் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படியுமோ என்பது. அதனால் இலக்கண வரிசையே இல்லாமல் ரயில் டைம்டேபிள், வரைபடம் இவற்றை வைத்துக் கணக்குப் போடுவதுபோல் யோசிக்க வைத்தார்.

உங்கள் பேர் ஒர்க் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது மேடம். பிரபு குரூப் ஒர்க்கை வலியுறுத்தவே இல்லை! பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் பிழையை இன்னொருவர் கேட்டுக் கற்பார், ஆசிரியரின் நல்ல இங்கிலீஷ் கேட்கும் நேரம் குறையும் என்பது அவர் வாதம். அவர் வகுப்பு இரண்டு பாகம். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் ஒரு டாஸ்க்கைக் கேள்வி கேட்டுக் கேட்டுச் செய்வார். மதுரையில் காலை ஆறு மணிக்கு ஏறினால் திருச்சிக்கு எத்தனை மணிக்கு, அங்கே அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், இப்படி. அப்புறம் அதே மாதிரி இன்னொரு டாஸ்க்கைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். விடை சரியா என்றுதான் மார்க், வாக்கியத்துக்கு இல்லை. 50 பேர் வகுப்பில் இதைத் தாராளமாகச் செய்யலாம், சத்தமும் வராது.

அவர் பிரித்த மூன்று வகையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கும் உதவும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லை என்றால் இன்ஃபர்மேஷன் கேப். இருப்பதை வைத்து யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் ரீசனிங் கேப், மேலே சொன்ன ரயில் கணக்கு இந்த வகை. தன் விருப்பத்தை, எண்ணத்தைச் சொன்னால் ஒபினியன் கேப். நடுவில் உள்ளதுதான் வகுப்புக்குச் சிறந்தது என்று பிரபு கருதினார், எனக்கும் அதில் முழு உடன்பாடு. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒபினியன் கேட்டால் “குட் மிஸ்” என்பதோடு முடிந்துவிடும், கணக்கு என்றால் கடைசி பெஞ்ச் வரை கை தூக்கும்.

பி.பி.பி. (ப்ரசென்டேஷன், ப்ராக்டிஸ், ப்ரொடக்ஷன்) என்பது இதற்கு நேர் எதிர். முதலில் வடிவத்தைக் காட்டு, அப்புறம் பயிற்சி, கடைசியில் சொந்தமாகப் பேச்சு. கெட்ட முறை என்று சொல்ல மாட்டேன், புது ஆசிரியருக்குக் கைப்பிடி மாதிரி. ஆனால் மூன்றாவது பி-க்கு வருவதற்குள் பெல் அடித்துவிடுவதுதான் நம் வகுப்புகளில் நடப்பது.

மணல்_எழுத்து:

இரண்டே இரண்டு விஷயம் சேர்க்கிறேன், இரண்டும் சாக்பீஸ் மட்டும் இருந்தால் போதும்.

ஸ்காஃபோல்டிங் என்ற பெயரை 1976-இல் வுட், ப்ரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் பிரபலமாக்கியது, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும்போது பெரியவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்தார்கள். குழந்தைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உதவி, வரவர அது குறைய வேண்டும். நம் ஆட்கள் உதவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், குறைப்பதை மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்: கடையில் பேனா வாங்கும் உரையாடல் ஆறு வரி போர்டில் எழுதுங்கள். பாதி வகுப்பு கடைக்காரர், பாதி வகுப்பு வாங்குபவர், இரண்டு முறை சேர்ந்து வாசிக்கட்டும். டஸ்டரை எடுத்து ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லை அழியுங்கள், மறுபடி வாசிக்கட்டும். இன்னும் அழியுங்கள். கடைசியில் வெறும் போர்டைப் பார்த்து முழு உரையாடலையும் சொல்வார்கள், பழைய_பெஞ்ச் சார் விரும்பும் மனப்பாடமும் அதற்குள்ளேயே நடந்துவிடும். 50 பேர் இருந்தால் இது இன்னும் நன்றாக நடக்கும், தனியாகப் பேச வெட்கப்படும் பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து வாய் திறக்கும்.

இரண்டாவது உச்சரிப்பு, மினிமல் பேர். ஒரே ஒரு ஒலி மட்டும் மாறும் சொல் ஜோடி. புத்தகத்தில் எல்லாம் கப்பல், செம்மறியாடு என்று ஷிப், ஷீப் போட்டிருப்பார்கள், தமிழ்ப் பிள்ளைக்கு அது பிரச்சினையே இல்லை, குறில் நெடில் நமக்குப் பிறவிச் சொத்து. நம் பிரச்சினை க, ட, த, ப. மேல்சட்டை கோட்டையும் ஆடு கோட்டையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. அதனால் காது முதலில் பழக வேண்டும். போர்டில் இடது பக்கம் குண்டூசி பின், வலது பக்கம் குப்பைத்தொட்டி பின், இரண்டையும் இங்கிலீஷில் எழுதிவிட்டு நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு இடக்கையோ வலக்கையோ தூக்கட்டும். காது பழகிய பிறகு வாய்: மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள், குண்டூசிக்குக் காகிதம் ஆட வேண்டும், தொட்டிக்கு ஆடக் கூடாது. தான் சரியாகச் சொன்னோமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், நீங்கள் ஒவ்வொருவரிடமும் போக வேண்டியதில்லை.

தமிழில் விளக்கலாமா என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் புட்ஸ்காம் என்ற மொழி கற்பித்தல் அறிஞர் சாண்ட்விச் முறை என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: இங்கிலீஷில் ஒரு தடவை, மெல்லிய குரலில் தாய்மொழியில் ஒரு தடவை, உடனே மறுபடி இங்கிலீஷில். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் நடித்துக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மூன்றாவது அடுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் காதில் கடைசியாக நிற்பது தமிழாகிவிடும்.

பழைய_பெஞ்ச்:

டஸ்டர் விஷயம் நன்றாக இருக்கிறது. கோரஸ் வாசிப்பு நாங்களும் செய்வோம், அழித்துக்கொண்டே போவது எனக்குப் புதிது. பிரபு செய்தது பற்றியும் கேள்விப்பட்டதில்லை, நன்றி.

சாக்பீஸ்_டப்பா:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புக்குப் பாஸ்ட் கன்டினியுவஸ் எடுக்க வேண்டும். வாக்கியம் “ஹி வாஸ் வாட்சிங் டிவி வென் த பவர் வென்ட் ஆஃப்”. சி.சி.க்யூ. எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். ஒன்று, “வாஸ் ஹி வாட்சிங் டிவி வென் த பவர் வென்ட் ஆஃப்?” இரண்டு, “விச் ஸ்டார்ட்டட் ஃபர்ஸ்ட், டிவி ஆர் பவர் கட்?” மூன்று, “டிட் ஹி ஃபினிஷ் த ப்ரோக்ராம்?”

கரும்பலகை:

இரண்டாவது அருமை, அதையே முதலில் கேளுங்கள். முதல் கேள்வி வேண்டாம், வாக்கியத்தையே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், புரியாத பிள்ளையும் “எஸ், ஹி வாஸ்” என்று சொல்லிவிட்டுப் போகும். அதற்குப் பதில் “டிட் ஹி டர்ன் ஆன் த டிவி ஆஃப்டர் த பவர் கட்?” என்று கேளுங்கள், நோ என்று வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை “தெரியாது” என்பதுதான், ஏனென்றால் கரன்ட் திரும்ப வந்து அவன் பார்த்து முடித்திருக்கலாம். இந்த வாக்கிய அமைப்பு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், அதனால் “வி டோன்ட் நோ” என்ற விடையையும் போர்டில் எழுதிவைத்துக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒரு டைம்லைன் போடுங்கள், நேர்கோடு ஒன்று, டிவி பார்த்ததற்கு அதன் மேல் அலையலையாக ஒரு கோடு, அந்த அலையின் நடுவில் கரன்ட் போன இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி எங்கே வர வேண்டும் என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் போட வையுங்கள், பாதி சி.சி.க்யூ. அதிலேயே முடிந்துவிடும்.